பங்குக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம்?



புதிய பங்கு வெளியீட்டு விளம்பரங்களில் 'ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். கம்பெனிப் பங்குக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வளாகத்திலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் பழைய கதை, பொறுமையாகப் படியுங்கள்.

ஹெர்ரிங் என்பது நம் மத்தி வகையறாவைச் சேர்ந்த, வட அட்லாண்டிக் கடல் மீன். சிவப்பு ஹெர்ரிங் என்று தனி மீன் கிடையாது. நிறைய உப்புப் போட்டு, நாள்கணக்கில் புகையில் தொங்கவிட்டால் செம்பழுப்பாகிவிடும். நாம் வெயிலில் காயவைக்கிறோம், அவர்கள் புகையில் காயவைத்தார்கள். மொத்தத்தில் கருவாடுதான், வாசனைக்கும் குறைவில்லை.

இந்தக் கருவாடு 'திசைதிருப்பும் விஷயம்' என்ற பொருளைப் பெற்றதற்குப் பெரும் காரணம் வில்லியம் கோபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பத்திரிகை நடத்த வந்தவர். 1807 பிப்ரவரியில் தம் வாரப் பத்திரிகையில், சிறுவயதில் முயலைத் துரத்தும் வேட்டை நாய்களைக் கருவாட்டை இழுத்துச் சென்று வழிமாற்றியதாக ஒரு கதை எழுதினார். அவர் குறி வைத்தது நாய்களை அல்ல. நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று வந்த பொய்ச்செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டு விவகாரங்களைக் கோட்டைவிட்ட லண்டன் பத்திரிகைகளைத்தான். படித்தவர்களோ, வேட்டைக்காரர்கள் உண்மையிலேயே இப்படித்தான் நாய்களைப் பழக்கினார்கள் என்று நம்பிவிட்டார்கள். பழைய நூலில் இருப்பது வேறு: வேட்டைக் குதிரையைப் பழக்க, செத்த பூனையையோ நரியையோ தரையில் இழுத்து நாய்களை ஓடவிடலாம், அவை கிடைக்காவிட்டால் கருவாடு. அவ்வளவுதான்.

சொல்லுக்குச் சொந்தக்காரரான கோபெட்டைச் சும்மா விடவில்லை. படைவீரர்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810இல் இரண்டு ஆண்டு சிறையும் 1,000 பவுண்டு அபராதமும் விதித்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ரெட் ஹெர்ரிங் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. லிஃப்ட் பராமரிப்புச் செலவு ஏன் ஏறியது என்று கூட்டத்தில் கேட்டால், "மூணாவது மாடியில எல்லாரும் செருப்பை வெளியில விடறாங்க சார்" என்று ஒருவர் எழுவார். செருப்பு கிடப்பது உண்மைதான். லிஃப்ட் கணக்குதான் அன்றைக்கும் வராது. துப்பறியும் கதைகளுக்கு இதுவே மூலதனம். டோரதி சேயர்ஸ் 1931இல் எழுதிய நாவலில் சந்தேகப்படத்தக்கவர்கள் ஆறு ஓவியர்கள். அதில் ஐந்து பேர் ரெட் ஹெர்ரிங். நாவலின் பெயரே அதுதான்.

இனி நம் பங்கு விஷயம். அமெரிக்காவில் முதற்கட்ட ப்ராஸ்பெக்டஸின் அட்டையில், 'இது இறுதியானதல்ல' என்ற எச்சரிக்கையைச் சிவப்பு மையில் அச்சிடுவார்கள். அந்தச் சிவப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. நம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 32ஆம் பிரிவிலும் அதே பெயர் இருக்கிறது: பங்கின் விலை அல்லது எண்ணிக்கை பற்றிய முழு விவரம் இல்லாத ப்ராஸ்பெக்டஸ். வெளியீடு தொடங்குவதற்குக் குறைந்தது 3 நாள் முன்னதாகக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆகவே பெயரைப் பார்த்து ஏமாற்று வேலை என்று ஒதுக்க வேண்டாம். திசைதிருப்புவது பெரும்பாலும் வெளியில் வரும் விளம்பரமும், "எல்லாரும் போடறாங்க" என்ற பேச்சும்தான். ஓய்வூதியப் பணத்தில் கை வைக்குமுன், 'வெளியீட்டின் நோக்கம்' என்ற பகுதியை முதலில் திருப்புங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் கம்பெனியின் தொழிலுக்குப் போகிறதா, அல்லது பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றுக் காசாக்குகிறார்களா என்பது அங்கே எழுதியிருக்கும். அடுத்து, வழக்குகள் பற்றிய பகுதி. ஆவணம் செபி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். இந்த இரண்டையும் படிக்க ஒரு மத்தியானம் போதும்.