யவனரும் யூனானியரும்

யூனானி வைத்தியம் என்னும் சொல்லைக் கேளாத இல்லம் நம்மிடையே அரிது. சங்க நூல்களைப் பயின்றோர் யவனர் என்னும் சொல்லையும் அறிவர். இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. சிற்றாசியாவின் மேலைக் கரையில் வாழ்ந்த அயோனியர் என்னும் கிரேக்கக் குடியினரின் பெயரே அரபியில் யூனான் என்றும், நம் நாட்டில் யவனர் என்றும் வழங்கலாயிற்று. அம்மக்கள் நம்மிடம் இருமுறை வந்தனர். ஒருமுறை மரக்கலத்தில், மறுமுறை நூல்களில்.

முதல் வருகை வணிகத்தின் பொருட்டு நிகழ்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், மிளகு ஏற்றுமதியையும் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும் குறிக்கின்றது. அடுத்த நூற்றாண்டின் தாலமி, பாண்டியர் தலைநகராக மதுரையைப் பெயர் சுட்டி உரைக்கின்றார். மதுரைக் கோட்டை வாயிலில் யவனர் வாளேந்திக் காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஆனால் அக்காலத்தில் கிரேக்க நாடு உரோமர் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது. இங்கு வந்தோர் தம் முன்னோரின் ஆட்சிமுறையைக் கொண்டு வரவில்லை.

அம்முறை யாது? கி.மு. 508இல் கிளைஸ்தனிஸ் என்பார் ஏதென்ஸ் மக்களைப் பத்துக் குழுக்களாகப் பகுத்தார். குழுவுக்கு ஐம்பதின்மராக 500 பேர் கொண்ட மன்றம் அமைந்தது. அதன் உறுப்பினர் பின்னர் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அதில் அமர இயலாது. அதற்கு மேல் குடிமக்கள் அனைவரும் கூடும் பேரவை இருந்தது. சில முடிவுகளுக்கு 6000 பேரின் வாக்கு வேண்டும். பதவிக்காலம் முடிந்த அதிகாரி கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். முடிவுகள் யாவரும் காணக் கல்லில் வெட்டப்பட்டன.

கூடி முடிவெடுத்தலும் அதனைக் கல்லில் பொறித்தலும் நம் மண்ணுக்கும் புதியன அல்ல. மேலூர் வட்டாரத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரைத் தாங்கும் அக்கல்வெட்டுகளில், சமண முனிவர்க்கு வெள்ளறை நிகமத்தார் அளித்த கொடையும் காணப்படுகின்றது. நிகமம் என்பது வணிகர் குழு. அரசன் பெயருக்கு அருகிலேயே, ஊரார் ஒன்றுகூடிச் செய்த செயலும் இடம்பெற்றுள்ளது. மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையிலுள்ள வெள்ளரிப்பட்டியே அவ்வெள்ளறை என்பர் அறிஞர். சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த உத்திரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலையால் வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்டதையும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டதையும் கூறுகின்றன.

எனினும், மன்றத்தின் உள்ளே அமர்ந்தவரை மட்டும் எண்ணி மகிழ்தல் போதாது. வாயிலுக்கு வெளியே நின்றோரையும் எண்ண வேண்டும். உத்திரமேரூரில் நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே இடமிருந்தது. ஏதென்ஸில் பெண்களுக்கு வாக்கில்லை. லாவ்ரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்த அடிமைகளுக்கு உரிமையில்லை. கி.மு. 451க்குப் பின், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றி ஒருவன் குடிமகனாக இயலாது. அரசியல் நூல் எழுதிய அரிஸ்டாட்டிலே, அயலூரில் பிறந்தமையால் அந்நகரப் பேரவையில் வாக்களிக்கும் உரிமை அற்றவராக வாழ்ந்தார்!

இக்குறையை உணர்த்தியவர் எவர் என்று காணுமிடத்து, நாம் யூனானியரின் இரண்டாம் வருகையை அடைகின்றோம். கலீஃபா மஃமூன் (813–833) காலத்துப் பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியாக்கும் பணி செழித்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஜாலீனூஸின் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். அல்-ஃபாராபி நல்லோர் வாழும் நகரின் இலக்கணத்தை ஆராய்ந்தார். அந்தலூசிய காழி இப்னு ருஷ்த் (1126–1198), அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் கிட்டாமையால், அஃப்லாத்தூனின் குடியரசு நூலுக்கு உரை வகுத்தார். பெண்களும் நாடு காக்கும் பணிக்கு உரியர் என்ற அஃப்லாத்தூனின் கருத்தை அவர் மறைக்கவில்லை. தம் காலத்து நகரங்களின்மீதே அதைப் பொருத்திப் பார்த்தார். பெண்களை மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மட்டுமே உரியராக்கியதால் அவர்தம் ஆற்றல் அறியப்படாமற் போயிற்று என்றும், அந்நகரங்களின் வறுமைக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் துணிந்து எழுதினார். அதன் அரபு மூலம் மறைந்தது. ஹீப்ரு மொழிபெயர்ப்பே எஞ்சியது.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? பிறர் நாகரிகத்தை ஏற்ற நம் முன்னோர், அதனை ஆராய்ந்தே ஏற்றனர். அதனைக் கொண்டு தம்மையும் அளந்தனர். கணக்கு ஒப்புவிக்கும் ஒழுங்கை ஏதென்ஸிலும் உத்திரமேரூரிலும் கண்டு வியக்கும் நாம், நம் ஊர்ச் சபைகளிலும் சங்கங்களிலும் அது உண்டா எனக் கேட்டல் தகும். ஏதென்ஸ் தன் பெண்மக்களை வாயிலில் நிறுத்தியதைப் பழிக்கும் நாம், நம் பெண்மக்களின் கல்வி எந்த வகுப்போடு நிற்கின்றது என்பதையும் எண்ண வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காழி எழுப்பிய வினா, இன்றும் நம் இல்லங்களில் விடை வேண்டி நிற்கின்றது.