கலையும் வணிகமும் ஒரே பட்டத்தில்

தானியம் விற்ற ஒருவர் காப்பியம் பாடினார் என்பது தமிழர்க்குப் புதுமையான செய்தியன்று. மணிமேகலையின் ஆசிரியரை மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்றே தமிழுலகம் வழங்கி வருகிறது. கடையும் ஏடும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு அப்பெயரே சான்று. ஆனால், மேனாட்டுப் பல்கலைக் கழகங்கள் இவ்வுண்மையை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கற்க விரும்பியவனுக்கு அங்கே வாயில் திறந்திருந்தது. வணிகம் கற்க விரும்பியவனுக்கோ வாயிலே இருக்கவில்லை. அவன் ஏதாவதொரு கந்தோரில் இளம் இலிகிதனாகச் சேர்ந்து, பேரேட்டைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பழகிக்கொள்ள வேண்டியவனானான். கலையையும் வணிகத்தையும் ஒருங்கே கற்பிக்கும் பட்டம் எவ்வாறு தோன்றியது, அதனால் உயர்ந்தவர் யாவர் என்னும் வரலாறு அறியத்தக்கது.

இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக் கழகங்களான ஒக்ஸ்போட்டும் கேம்பிறிட்ஜும் தம் வாயிலுக்கு இரண்டு பூட்டுக்களை இட்டிருந்தன. ஒன்று சமயப் பூட்டு. மற்றது மொழிப் பூட்டு. ஆங்கிலத் திருச்சபையைச் சேராதோர் அங்கு முழு உரிமையோடு பயிலவும் பதவி வகிக்கவும் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1871 ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையைப் பெரும்பாலும் நீக்கிற்று. ஆலைத் தொழிலிலும் வணிகத்திலும் முன்னின்ற குடும்பங்கள் பலவும் அத்திருச்சபைக்குப் புறம்பானவையாதலின், அத்தடை வணிகர் மக்களையே பெரிதும் தாக்கியது. மொழிப் பூட்டோ இன்னும் நெடுங்காலம் நிலைத்தது. முதலாம் உலகப் போர் முடியும்வரை கிரேக்கமும், 1960 ஆம் ஆண்டளவு வரை இலத்தீனும் அங்கு நுழைவுக்கு வேண்டியிருந்தன. பட்டறையிலும் கடையிலும் வளர்ந்த பிள்ளைக்கு இலத்தீன் எங்கே கிடைக்கும்?

இந்நிலை கண்டு மனம் வெதும்பிய தொழிலதிபர் சிலர் தாமே கல்லூரி அமைக்க முற்பட்டனர். கம்பளம் நெய்பவர் ஒருவரின் மகனாக 1795 இல் பிறந்து, போதிய பள்ளிப் படிப்பின்றி, பேனா முனை செய்து பெருஞ்செல்வரான யோசையா மேசன் அவர்களுள் ஒருவர். பேர்மிங்காம் நகரில் அவர் நிறுவிய அறிவியற் கல்லூரி 1880 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் தேதி திறக்கப்பட்டது. வெறும் இலக்கியப் போதனைக்கு அங்கு இடமில்லை என்று அவர் விதித்திருந்தார். திறப்பு விழாவிற் பேசிய தோமஸ் ஹக்ஸ்லி அவ்விதியை ஆதரித்தே உரையாற்றினார். ஒரு மதிலுக்கு எதிராக இன்னொரு மதில் எழுந்தது போலாயிற்று. கலைஞன் கணக்கனை உள்ளே விடவில்லை. கணக்கனும் கலைஞனை உள்ளே விடவில்லை. இத்தடை பின்னர் தளர்ந்ததாயினும், இரு சாராரிடையே நிலவிய ஐயுறவை இது நன்கு காட்டுகிறது.

இரண்டையும் இணைக்கும் முயற்சி முதலில் வலுப்பெற்ற இடங்களுள் ஒன்று அமெரிக்கா. 1881 ஆம் ஆண்டில், பிலடெல்பியா நகரத்து உலோகத் தொழிலதிபர் யோசேப் வார்ட்டன் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்துக்கு ஓர் இலட்சம் டொலர் அளித்து, வர்த்தகப் படிப்புக்கென ஒரு கல்விச்சாலையை அமைக்கச் செய்தார். அவர் அதனைத் தனியே நகரின் வேறொரு மூலையில் அமைக்கவில்லை. பல்கலைக் கழகத்தின் உள்ளேயே அமைத்தார். அங்கு சேரும் மாணவர் முதல் இரண்டு ஆண்டுகள் பொதுக் கல்வி கற்று, அதன் பின்னரே பொருளியலும் கணக்கியலும் வர்த்தகச் சட்டமும் பயில வந்தனர். மொழியும் வரலாறும் அடித்தளமாக, அவற்றின்மேல் வணிகக் கல்வி எழுந்தது.

இங்கிலாந்தில் இப்பணியைச் செய்தவர் வில்லியம் அஷ்லி. இலண்டனிலே தொப்பி செய்யும் தொழிலாளி ஒருவருக்கு 1860 இற் பிறந்த இவர், புலமைப் பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்று வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். 1892 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக் கழகத்திற் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரானார். மேசன் கல்லூரியை உள்ளடக்கி 1900 ஆம் ஆண்டிற் பேர்மிங்காம் பல்கலைக் கழகம் உருவாயிற்று. அதன் வர்த்தக பீடத்தை அமைப்பதற்கு அஷ்லி அழைக்கப்பெற்றார். 1902 இல் அப்பீடம் மாணவரை ஏற்கத் தொடங்கியது.

வர்த்தக பீடத்துக்குத் தலைமை தாங்க வரலாற்றாசிரியர் ஒருவரை அழைத்தமை கவனித்தற்குரியது. அஷ்லி வகுத்த பாடத்திட்டம் நான்கு தூண்களின் மேல் நின்றது. மொழிகளும் வரலாறும் ஒரு தூண்; கணக்கியல் மற்றொன்று; தொழில்களுக்குரிய அறிவியல் மூன்றாவது; வர்த்தகம் நான்காவது. கணக்கியலைக் கற்பிக்க லோறன்ஸ் டிக்சீ பேராசிரியராக நியமிக்கப்பட்டார். பிரித்தானியாவில் அத்துறைக்கு அமர்த்தப்பெற்ற முதற் பேராசிரியர் அவரே. கடைச் சிற்றாளை உருவாக்குவது பல்கலைக் கழகத்தின் வேலையன்று, வணிகப் படையை நடத்தும் தளபதிகளை உருவாக்குவதே அதன் வேலை என்பது அஷ்லியின் கருத்து. படையை நடத்துபவனுக்கு வாள்வீச்சு மட்டும் போதாது. நிலத்தையும் மக்களையும் பழைய போர்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லோரும் இதனை ஏற்றனரல்லர். கேம்பிறிட்ஜிற் பொருளியற் பேராசிரியராக விளங்கிய அல்பிரட் மார்ஷல் வேறு வழியை விரும்பினார். அவர் முயற்சியால் 1903 இற் பொருளியலுக்கெனத் தனியான சிறப்புத் தேர்வு அங்கு ஏற்பட்டது. பல்கலைக் கழகம் மாணவனின் சிந்தனையைக் கூர்மையாக்கினாற் போதும். கணக்கேடு எழுதும் முறையை அவன் தொழிலிற் சேர்ந்தபின் கற்றுக்கொள்வான் என்பது அவர் கருத்து. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. இரண்டு துறைகளைச் சேர்த்துக் கற்பவன் இரண்டிலும் நுனிப்புல் மேய்ந்து போவான் என்னும் அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இவ்வாதத்திற்கு விடை, நூல்களிலிருந்து அன்றி, இரண்டு மாணவரின் வாழ்க்கையிலிருந்தே கிடைத்தது. 1919 ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக் கழகம் வர்த்தகமாணி என்னும் பட்டத்தை நிறுவியது. பொருளியல், கணக்கியல், சட்டம், பொருளாதார வரலாறு, பிறமொழி முதலியன அதில் ஒருங்கே இடம்பெற்றன. இலண்டன் பொருளியற் கல்லூரி அதன் முக்கிய இருப்பிடமாயிற்று. இவ்விரு மாணவரும் அப்பட்டத்தை நாடிச் சென்றது விருப்பத்தினாலன்று. வேறு வாயில்கள் அடைபட்டமையினாலேயே.

முதலாமவர் றொனால்ட் கோஸ். இவர் தபாற் பகுதியிலே தந்தி அனுப்பும் ஊழியராயிருந்த ஒருவரின் மகனாக 1910 இல் இலண்டனிற் பிறந்தவர். கால் வலுக் குறைந்திருந்தமையால் உடற்குறையுடைய பிள்ளைகளுக்கான பள்ளியில் முதலிற் சேர்க்கப்பட்டார். அதனால், மற்றப் பிள்ளைகளினும் ஓராண்டு பிந்தியே உயர்நிலைப் பள்ளி செல்ல நேர்ந்தது. இலத்தீன் கற்கும் வாய்ப்பும் தவறியது. வரலாற்றிற் பட்டம் பெறவே அவர் விரும்பினார். கலைப் பட்டத்துக்கு இலத்தீன் வேண்டும் என்றனர். இரசாயனத்தை நாடினார், கணிதம் அவர் மனத்துக்கு உவக்கவில்லை. அப்பள்ளியிலிருந்து ஆயத்தஞ் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது வர்த்தகமாணிப் பட்டம் ஒன்றே. அதனை எடுத்தார்.

இலண்டன் பொருளியற் கல்லூரியில் ஆணல்ட் பிளான்ற் என்னும் வர்த்தகப் பேராசிரியர் அவருக்கு வழிகாட்டியானார். இறுதி ஆண்டிற் பயணப் புலமைப் பரிசில் ஒன்று பெற்று அமெரிக்கா சென்ற கோஸ், வகுப்பறையில் அமர்ந்திராது தொழிற்சாலைகளை நேரிற் கண்டு, அவற்றை நடத்துவோரிடம் கேள்வி கேட்டுத் திரிந்தார். சந்தை விலையே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யுமாயின், கம்பெனி என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்பதே அவர் உள்ளத்தை அரித்த கேள்வி. சந்தையிற் பேரம் பேசுவதற்கும், ஒப்பந்தம் எழுதுவதற்கும் செலவு உண்டு. அச்செலவைக் குறைக்கவே கம்பெனி தோன்றுகிறது என்று 1937 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் விடை கூறினார். அக்கட்டுரையும் 1960 இல் வெளிவந்த மற்றொன்றும் அவருக்கு 1991 இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. பொருளியலை முறைப்படி பாடமாகக் கற்காமையே தமக்கு நன்மையாயிற்று, எதை எண்ணக்கூடாது என்று எவரும் தமக்குப் போதிக்கவில்லை என்னும் கருத்தை அவர் பின்னாளில் வெளியிட்டார்.

வரலாறு கற்க வழியின்றிப் போன அம்மாணவரை வரலாறு கைவிடவில்லை. பிரித்தானிய ஒலிபரப்பின் வரலாற்றை ஆராய்ந்து 1950 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1974 இல் வெளிச்சவீடுகளைப் பற்றி எழுதினார். ஒளியைக் காணும் கப்பலிடம் கட்டணம் வாங்க முடியாது, ஆகவே வெளிச்சவீடு அரசாங்கத்தின் வேலையே என்று பொருளியலாளர் காலங்காலமாகச் சொல்லி வந்தனர். கோஸ் பழைய ஆவணங்களைப் புரட்டி, இங்கிலாந்திலே தனியார் பலர் அரசரின் உத்தரவு பெற்று வெளிச்சவீடு கட்டி, துறைமுகங்களிற் கட்டணம் வசூலித்தனர் என்று காட்டினார். கணக்கனின் கேள்விக்கு வரலாற்றாசிரியனின் விடை அது.

இரண்டாமவர் ஆதர் லூயிஸ். மேற்கிந்தியத் தீவுகளிலொன்றான சென் லூசியாவில் 1915 இல், ஆசிரியர்களான பெற்றோருக்குப் பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். பதினான்கு வயதிற் பள்ளிப் படிப்பு முடிந்துவிட, அரசாங்கப் புலமைப் பரிசிற் தேர்வுக்கு வயது வரும்வரை கந்தோரில் இலிகிதராக வேலை பார்த்தார். எழுதவும் தட்டச்சிடவும் கோவைகளை ஒழுங்காக வைக்கவும் அங்கே பழகினார். ஆனால், இலக்கியமும் வரலாறும் நிரம்பப் படிக்க வேண்டிய பருவம் அவ்வாறு கழிந்ததே என்ற ஏக்கம் அவருக்குப் பின்னரும் இருந்தது.

பரிசில் கிடைத்தது. எஞ்சினியராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால், கறுப்பு நிறத்தவர் ஒருவரை எஞ்சினியராக அமர்த்த அரசாங்கமோ வெள்ளையர் கம்பெனிகளோ முன்வரா என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஊர் திரும்பி நகரசபையிலோ வர்த்தகத்திலோ வேலை தேடலாம் என்ற எண்ணத்தோடு 1933 இல் வர்த்தகமாணி வகுப்பிற் சேர்ந்தார். பொருளியல் என்றால் என்னவென்றே அன்று அவர் அறியார். அதே பிளான்ற் அவருக்கும் துணை நின்றார். 1937 இல் முதல் வகுப்பிற் தேறி, அக்கல்லூரியிலேயே விரிவுரையாளரானார். 1948 இல், தமது முப்பத்து மூன்றாம் வயதில், மான்செஸ்ரர் பல்கலைக் கழகப் பேராசிரியரானார்.

மாணவப் பருவம் முதல் ஒரு கேள்வி லூயிஸைத் தொடர்ந்தது. உருக்குக்கும் கோப்பிக்கும் இடையே விலை விகிதத்தை நிர்ணயிப்பது எது? தேயிலையும் றப்பரும் விற்று இயந்திரம் வாங்கும் இலங்கை போன்ற நாடுகளுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று; வயிற்றுக் கேள்வி. இதனோடு வரலாற்றுப் புதிர் ஒன்றும் அவர் மனத்தில் இருந்தது. இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியில் முதல் ஐம்பது ஆண்டுகளாக இலாபம் பெருகியபோதும் தொழிலாளர் கூலி ஏன் அப்படியே நின்றது? 1952 ஆம் ஆண்டு பாங்கொக் நகரத்து வீதியொன்றில் நடந்து செல்கையில், இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது அவருக்குத் திடீரெனப் புலப்பட்டது. நாட்டுப்புறத்திலே வேலைக்கு ஏங்கும் கைகள் ஏராளமாக உள்ளவரை, கூலி உயராது. அக்கைகள் விளைவிக்கும் பொருளின் விலையும் உயராது. 1954 இல் வெளிவந்த இவ்விளக்கம் வறிய நாடுகளின் பொருளாதாரத்தை நோக்கும் முறையையே மாற்றியது. 1979 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஒருவர் இலத்தீன் இன்மையால் இப்பட்டத்துக்கு வந்தார். மற்றவர் நிறத்தடையால் வந்தார். வணிகக் கேள்வியை வரலாற்றின் முன் வைத்தபோதே இருவரும் பெரும் விடைகளைக் கண்டனர். கணக்கியல் மட்டும் கற்றிருந்தால், கம்பெனியின் இலாபத்தை மட்டுமே கோஸ் எண்ணியிருக்கலாம். வரலாறு மட்டும் கற்றிருந்தால், கோப்பியின் விலை லூயிஸின் கண்ணிற் படாமலே போயிருக்கலாம். ஆயினும், இணைந்த பட்டம் தானாகவே இதனைச் செய்துவிடாது. பிளான்ற் போன்ற ஆசிரியரும், பாடத்தைத் தாண்டிக் கேள்வி கேட்கும் மாணவனும் கூடியபோதே அது பயன் தந்தது. மார்ஷலின் அச்சத்திலுள்ள உண்மையும் இதுவே.

இலங்கைக்கும் இவ்வரலாற்றோடு தொடர்புண்டு. கொழும்பிலே 1921 இல் தொடங்கிய பல்கலைக் கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக் கழகம் உருவாகும்வரை, இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை வெளிவாரியாக ஆயத்தஞ் செய்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974 இல் தொடங்கிய வளாகம் இன்று தனிப் பல்கலைக் கழகமாய் விளங்குகிறது. அங்கே கலைப் பீடமும், முகாமைத்துவ வணிக பீடமும் தனித்தனியே இயங்குகின்றன. உயர்தர வகுப்பிற் சேரும் பிள்ளை, பதினாறு வயதளவிலேயே, கலைப் பிரிவா வர்த்தகப் பிரிவா என்று தெரிந்தெடுத்தாக வேண்டும். வேலை கிடைக்குமா என்ற கவலை பெற்றோருக்கு. பிடித்ததைப் படிக்கலாமா என்ற கவலை பிள்ளைக்கு. இரண்டும் நியாயமான கவலைகளே.

அப்பிள்ளைக்கு இவ்வரலாறு ஒரு செய்தி சொல்கிறது. இரு பிரிவுகளுக்கும் இடையே நிற்கும் மதில் அறிவு எழுப்பியதன்று. சமயமும் மொழியும் நிறமும் செல்வமும் வெவ்வேறு காலங்களில் எழுப்பியது. கலை கற்பவர் வரவு செலவுக் கணக்கொன்றை வாசிக்கப் பழகலாம். வர்த்தகம் கற்பவர் தம் ஊர்ச் சந்தையின் வரலாற்றைத் தேடிப் பார்க்கலாம். அதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூலக் கடையிலிருந்து காப்பியம் பிறந்த மொழியில் வளரும் பிள்ளைக்கு இது அரிய காரியமுமன்று.