எழுதாத விதிகளின் ஆயுள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதி நியமிப்பது ஒரு காலத்தில் அரசியல் தீண்டாத காரியமாக இருந்தது, அண்மையில்தான் கட்சிச் சண்டையாகக் கெட்டுப்போனது என்று பலரும் பேசுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1787இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம், அதிபர் பெயரை முன்மொழிந்து, செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. எத்தனை நாளுக்குள் வாக்கெடுப்பது, எதை வைத்து ஒருவரை எடைபோடுவது, வாக்கெடுக்காமலே விட்டுவிடலாமா, மொத்தம் எத்தனை நீதிபதிகள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. அந்த இடைவெளியைச் சாதாரணச் சட்டங்களும் வழக்கங்களும் நிரப்பின. இரு தரப்புக்கும் பயன்பட்டவரை அவை நின்றன. ஒரு தரப்புக்கு இடைஞ்சலானதும் விழுந்தன.

முதல் சான்று முதல் அதிபர் காலத்திலேயே கிடைக்கிறது. வாஷிங்டன் தலைமை நீதிபதியாகத் தேர்ந்த ஜான் ரட்லெட்ஜ், பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே உடன்படிக்கையைத் தாக்கிப் பேசியிருந்தார். 1795 டிசம்பரில் செனட் அவரை 14க்கு 10 என்ற வாக்கில் நிராகரித்தது. அவருடைய சட்ட அறிவை விட அரசியல் பேச்சே அங்கு பெரிதாகத் தெரிந்தது. தன் கட்சியோடே பிணங்கிய அதிபர் டைலர் 1840களில் ஐந்து பேரை முன்மொழிந்தார். ஒப்புதல் பெற்றவர் சாமுவேல் நெல்சன் ஒருவரே. 1866இல் காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்ட்ரூ ஜான்சனுக்கு நியமன வாய்ப்பே வராதபடி நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஏழாகக் குறைக்கச் சட்டம் செய்தது. கிராண்ட் பதவிக்கு வந்த 1869இல் அது ஒன்பதாயிற்று. இன்று மாற்றக்கூடாததாக மதிக்கப்படும் ஒன்பது என்ற எண்ணின் கதை இதுதான்.

பழமையானதாகத் தோன்றும் பொது விசாரணையும் இருபதாம் நூற்றாண்டின் வரவு. 1916இல் லூயி பிராண்டைஸ் முன்மொழியப்பட்டபோதுதான் செனட்டின் நீதித்துறைக் குழு ஒரு நியமனத்துக்காக முதன்முறை பொது விசாரணை நடத்தியது. அதற்கும் அவர் நேரில் வரவில்லை. 1925இல் ஹார்லன் ஸ்டோன் நேரில் வந்து கேள்விகளுக்கு விடை சொன்னார். 1955க்குப் பிறகே அது எல்லோருக்கும் கட்டாயம்போல ஆனது. 1981இல் சாண்ட்ரா டே ஓ'கானரின் விசாரணையோடு தொலைக்காட்சியும் உள்ளே வந்தது. ஆக, அரசியல் முன்பே இருந்தது; மக்கள் அதைப் பார்க்கத் தொடங்கியதுதான் புதிது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1986இல் ஸ்காலியா 98–0, 1993இல் கின்ஸ்பெர்க் 96–3 என்று ஒப்புதல் பெற்றார்கள். ரீகன் முன்மொழிந்த கென்னடிக்கு, எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த செனட்டே 1988 என்ற தேர்தல் ஆண்டில் 97–0 என ஒப்புதல் தந்தது. வழக்கம் கட்சியைக் கட்டுப்படுத்தியதற்கு இது சாட்சி இல்லையா? சாட்சிதான். ஆனால் அன்று இரு கட்சிகளிலும் தாராளவாதிகளும் பழமைவாதிகளும் கலந்திருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. விட்டுக்கொடுப்பதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. மேலும், கென்னடி வந்தது அதே இடத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க்கை 1987இல் அதே செனட் 42–58 என்று தோற்கடித்த பிறகுதான்.

அந்தக் கலப்பு மறைந்ததும் வழக்கமும் கரைந்தது. கீழமை நீதிமன்ற நியமனங்களில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவை என்ற தடையை ஜனநாயகக் கட்சியினர் 2013இல் அகற்றினர். குடியரசுக் கட்சியினர் 2017இல் அந்த நீக்கத்தை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினர். 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்ட் 293 நாள் காத்தும் விசாரணைகூட நடக்கவில்லை; தேர்தல் ஆண்டு என்று செனட்டில் பெரும்பான்மை பெற்றிருந்த குடியரசுக் கட்சியினர் காரணம் சொன்னார்கள். 2020இல் அதே பெரும்பான்மை, தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது ஏமி கோனி பேரட்டுக்கு 52–48 என்று ஒப்புதல் கொடுத்தது.

நியமனத்தைச் சட்டமன்றத்திடம் விட்டால் அரசியல் நெருக்கடி புகும் என்றே அம்பேத்கர் 1949இல் நம் அரசியல் நிர்ணய சபையில் அமெரிக்க முறையை விலக்கினார். அவர் அஞ்சியது நடந்திருக்கிறது. ஆனால் செனட்டின் பங்கைப் பறிப்பது மருந்தாகாது. அதிபர் ஒருவரே முடிவு செய்தாலும் அரசியல் போய்விடாது. வாக்கெடுக்கும் கடமையையும் அதற்கான கெடுவையும் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும். செனட்டின் சொந்த விதிகள் எவ்வளவு எளிதில் மாறும் என்பதை 2017 காட்டிவிட்டது. திருத்தத்துக்கு 38 மாநிலங்கள் இசைய வேண்டும் என்பதால் அது விரைவில் நடக்கப்போவதில்லை. அதுவரை ஓர் இடம் காலியானால், நீதிபதியின் தகுதிக்கு முன்பாகக் கேட்கப்படுவது செனட்டில் யாருக்குப் பெரும்பான்மை என்பதாகவே இருக்கும்.