சின்னக் கல்லூரியில் பிறந்த கணனி மொழி

சென்ற மாத நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, மகளுக்கு கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்க ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜில இடம் கிடைச்சிருக்கு. ஆருக்கும் பேர் தெரியேல்லை. அங்க படிச்சு என்ன வரப்போகுது?" என்று கேட்டார். நான் கணக்காளன், செலவுக் கணக்கைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். இந்தக் கேள்விக்கோ வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

ஜோன் கெமனி 1926இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கை நீளுவதைக் கண்ட தகப்பனார் 1938இல் தனியாக அமெரிக்கா வந்தார். 1940இல் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். வர மறுத்த பாட்டனார் யூதப் படுகொலையில் மாண்டார். ஒருவர் முதலில் வந்து மற்றவர்களைக் கூப்பிடுவதும், ஊரைவிட்டு வரமாட்டேன் என்ற மூத்தவர்களை இழப்பதும் எங்கள் வீடுகளிலும் நடந்தவைதானே.

கெமனி நியூ ஜேர்சியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1948-49இல், இன்னொரு அகதியான ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தார். 1953இல் அவர் போய்ச் சேர்ந்த இடம், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த டாட்மத் கல்லூரி.

அங்கே அப்போது கணனி கிடையாது. 1956இல் சேர்ந்த தோமஸ் கேர்ட்ஸ், துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரயிலேறி, பொஸ்டன் பக்கமுள்ள எம்.ஐ.ரி.க்குக் கொண்டுபோவார். ஒரு பிழை இருந்தால் அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

டாட்மத் மாணவரில் நாலில் மூன்று பங்கினர் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்காதவர்கள். வரலாறும் இலக்கியமும் படிக்கும் பிள்ளையும் கணனியைத் தொட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். அதற்காக இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, ஒரு தாய் பல பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சோறு ஊட்டுவது போல ஒரே இயந்திரம் பலருக்கு வேலை செய்யும் நேரப்பகிர்வு முறை. மற்றது, எளிய சொற்களால் ஆன "பேசிக்" மொழி. 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு இரண்டும் சேர்ந்து இயங்கின. நேரப்பகிர்வு மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர்கள் பட்டம் பெறாத மாணவர்கள்! நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, மாணவர்கள் பணம் கட்டாமலே கணனியைப் பாவித்தார்கள். 1975இல் மைக்ரோசொப்ட் தயாரித்த முதல் மென்பொருளும் பேசிக்தான்.

ஆனால் அந்த மாணவர்கள் எல்லோரும் ஆண்கள். 1970இல் கல்லூரியின் தலைவரான கெமனிதான் 1972இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தார். 

டாட்மத் எங்களுக்கும் அந்நியமல்ல. 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கி நடத்திய டானியல் பூவர், 1811இல் டாட்மத்தில் பட்டம் பெற்றவர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே ஒன்றாகப் படிப்பிக்கப்பட்டன. அந்தச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். கணிதம் படித்த அதே தாமோதரம்பிள்ளைதான் ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்தார்.

ஒரு டாட்மத்தை வைத்து எல்லாச் சின்னக் கல்லூரிகளையும் எடைபோட முடியாது. சில இடங்களில் கணனித்துறை ஆசிரியர்கள் மிகக் குறைவு. உயர்நிலைப் பாடங்கள் ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஆகவே அந்தத் தாயாருக்குச் சொன்னேன்: "தங்கச்சி, பேரை விட்டிட்டு மூன்று விஷயம் கேளுங்கோ. எத்தனை ஆசிரியர்மார்? முதல் வருசப் பிள்ளைக்கும் அவையளோடை சேர்ந்து வேலை செய்ய இடம் இருக்கோ? உதவிப்பணம் கழிச்சு உங்கட கையால கட்டுறது எவ்வளவு?"

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், பிள்ளையை மனநிறைவோடு அனுப்பலாம்.