31ஆம் நாளுக்குள்

யாழ்ப்பாணத்தில் செத்தவரின் செல்வாக்கை அளக்க இரண்டு வழி இருந்தது: சவ ஊர்வலத்தின் நீளம், கல்வெட்டின் பருமன். ஊர்வலத்தைச் சனம் மறந்துவிடும். கல்வெட்டு பெட்டகத்தில் கிடக்கும். நான் அச்சுக்கோத்துப் பிழைத்தவன். என் பேச்சு கல்வெட்டைப் பற்றியது.

வெளியூராருக்கு: இது கல்லில் வெட்டுவதல்ல, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். முதலில் பஞ்சபுராணம், பிறகு படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, புலம்பல்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல்.

காடாத்து முடிந்த கையோடு ஆட்கள் வருவார்கள். "தம்பி, முப்பத்தொண்டுக்கு முந்தித் தரவேணும்." பாட்டு ஊர்ப் பண்டிதரின் பொறுப்பு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று அவர் எழுதித் தள்ளுவார். மருமகன் ஒருவர் பெயர் விடுபட்டாலும் அந்த வீட்டார் ஆட்டைத் திவசத்துக்கு வரமாட்டார்கள். யோகேஸ்வரன் யாப்புக்குள் அடங்காவிட்டால் யோகனாகிவிடுவார்.

எங்களுக்கு வேறு தலையிடி. 'ஐ' என்ற எழுத்து சாதாரண வேலைக்கு அதிகம் தேவைப்படாது. ஆகவே பெட்டியின் அந்த அறையில் கொஞ்சம்தான் போட்டிருப்போம். புலம்பல் வந்தால் வரிக்கு வரி 'ஐயோ'. இரண்டாம் பக்கத்திலேயே அறை காலி. பக்கத்து அச்சகத்துக்குப் பொடியனை அனுப்பிக் கடன் வாங்கி வரவேண்டும். கண்ணீர் வடிக்கும் பாட்டைக் கோத்தபடி நாங்கள் சிரித்ததுண்டு.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதிவைக்கும் வழக்கம் இங்கே பழையது. சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் மானிப்பாயில் அச்சேறியது. அவையெல்லாம் புலவர்களுக்கு. விதானையாருக்கும், தபாலதிபருக்கும், மலாயன் பென்சனியருக்கும் கல்வெட்டுத்தான். மலாயா ரெயில்வேயில் எந்த ஸ்டேசனில் இருந்தார், 1942இல் ஜப்பான்காரன் வந்தபின் வீட்டுக்குக் கடிதம் இல்லாமல் எப்படிக் கழிந்தது, பென்சனோடு வந்து எந்தக் கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினார் எல்லாம் அதில் இருக்கும்.

வரலாற்றுப் பகுதியை நான் அவ்வளவு நம்புவதில்லை. கோபக்காரர் ஒருவர்கூட எங்கள் ஊரில் செத்ததாக அச்சில் இல்லை. பெண்களுக்கு வரலாறு அரைப்பக்கம், பேரப்பிள்ளைகள் பட்டியல் இரண்டு பக்கம். உண்மை வேண்டுமென்றால் வம்சாவளியையும் நன்றி நவிலலையும் படிக்க வேண்டும். வைத்தியம் பார்த்தது யார், வாகனம் தந்தது யார், எந்தக் கிளை அடியோடு காணாமற் போயிற்று என்று அங்கேதான் தெரியும்.

தேவாரம் அச்சிட்ட தாளில் வடை சுற்ற யாருக்கும் கை வராது. அதனால்தான் இவை தப்பின என்பது என் எண்ணம். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது வீட்டுப் பெட்டகங்களில் கிடந்தவை மிஞ்சின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவற்றிலும் எத்தனையோ போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் இப்போது நினைவு மலர்களையும் ஸ்கான் செய்து வைக்கிறார்கள்.

அப்படிச் சேகரிக்கும் பிள்ளை ஒருத்தி ஆண்டு போடாத கல்வெட்டொன்றைக் கொண்டுவந்தாள். திதி வெண்பாவில் வருடம் பிரபவ, மாதம் ஐப்பசி, அபரபக்கம். வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும். ஆகவே 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். பழைய ணை, லை உருவங்களைக் காட்டி, "1927 தானே ஐயா?" என்றாள். எங்கள் பெட்டிகளில் 1987இலும் அந்த உருவங்கள்தான் கிடந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். ஊரடங்குச் சட்டத்தையும் பாராது வந்து பாடை சுமந்த அயலவர் நால்வருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இந்திய இராணுவம் நின்ற ஐப்பசி அது. பென்சிலால் 1987 என்று ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.