லெய்டன் போன தோன்றி

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் போதும், முட்புதரிலும் கள்ளி வேலியிலும் அந்தக் கொடி ஏறிவிடும். பூவுக்கு ஆறு இதழ். ஆறும் ஓரம் நெளிந்து, பின்பக்கமாக மடங்கி நிற்கும். அவிழும்போது பச்சையோடிய மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு. தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதால் அரசாங்கக் காகிதத்தில் இது செங்காந்தள். மூலனூர், தாராபுரம் பக்கம் பயிர் செய்கிறவர்களுக்குக் கண்வலி. யாழ்ப்பாணத்தாருக்குக் கார்த்திகைப்பூ. 2003இல் விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தபின், அந்த மூன்றாவது பெயரை இலங்கையில் வெறும் பூவின் பெயராக மட்டும் சொல்லிவிட முடிவதில்லை.

காந்தள் என்ற பெயரைக் காந்துதல் என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றும். மிளகாய் பட்ட கை காந்துகிறது, பசித்த வயிறு காந்துகிறது என்கிறோமே, அந்தக் காந்தல்தான். பூ எரிவதுபோல் இருப்பதால் பொருத்தம் சட்டென்று அமைந்துவிடுகிறது. சட்டென்று அமையும் வேர்ச்சொல் விளக்கங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்றாலும், இதைத் தள்ள எனக்கு மனமில்லை. வடமொழிக்காரர்களும் இதே கொடியை அக்னிசிகை என்றார்கள்.

மண்ணுக்கு மேலே பார்த்தவர்கள் தீயைக் கண்டார்கள். தோண்டிப் பார்த்தவர்கள் கண்டது கலப்பை. கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து வளைந்து கிடக்கும், அதனால் கலப்பைக்கிழங்கு. வடமொழி லாங்கலியும் கலப்பையிலிருந்து வந்ததுதான். நம் நிகண்டுகளில் அது இலாங்கலியாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பிடித்த பெயர் தலைச்சுருளி. இந்தக் கொடிக்குத் தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். வேலியோரம் நின்று ஓர் இலையைக் கவனித்துப் பார்த்த யாரோ ஒருவர் வைத்த பெயர் அது. கண்வலிக்கு ஊரில் சொல்லும் காரணம், பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது. பூவைப் பார்த்து யாருக்கும் கண் வலித்ததில்லை. விஷச்செடியிடம் பிள்ளைகளை அண்டவிடாமல் வைத்திருக்க அந்த மிரட்டல் உதவியிருக்கும்.

சிக்கல் தோன்றியில் இருக்கிறது. நிகண்டுகள் காந்தள், தோன்றி, கோடல் எல்லாவற்றையும் ஒரே பூவின் பெயர்களாகச் சேர்த்துக் கட்டிவிட்டன. கபிலர் அப்படிச் செய்யவில்லை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியல் காந்தளில் தொடங்குகிறது. தோன்றியும் கோடலும் அதே பட்டியலில் தனித்தனி இடத்தில் வருகின்றன. வெண்காந்தள் என்று உரை சொல்லப்படும் கோடல் வேறு செடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் நம் வேலிக் காந்தள் வெள்ளையாகப் பூப்பதில்லை. தோன்றியை அப்படி எளிதில் பிரித்துவிட முடியாது. சங்கப் பாட்டில் காந்தள் பெரும்பாலும் மலைச்சாரலில், முருகனுக்கும் வெறியாட்டுக்கும் பக்கத்தில் இருக்கும். தோன்றி கார்காலத்து முல்லைநிலத்தில் விளக்குச் சுடர்போல ஏற்றப்பட்டிருக்கும். இந்தக் கொடியோ மலையடிவாரத்திலும் வளரும், புதர்க்காட்டிலும் வளரும், வேதாரண்யத்துக் கடலோரத்திலும் வளரும். போதாக்குறைக்கு, பாட்டில் காந்தளுக்கு நல்ல மணம் உண்டு; தலைவியின் நெற்றியே காந்தள் மணக்கும். வேலிப் பூவைப் பறித்து முகர்ந்தால் சொல்லும்படியாக ஒரு வாசமும் இல்லை. ஆகவே இன்றைய செங்காந்தளுக்கு, காந்தளைவிடத் தோன்றி என்ற பெயரே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். கோடை முழுக்கக் கிழங்காகக் கிடந்துவிட்டு மழைக்குத் தலைகாட்டும் கொடிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

தமிழ்நாட்டுப் பேச்சில் தோன்றி செத்துவிட்டது. மருந்துப்பெயர்ப் பட்டியல்களில் வெண்தோண்டி என்று ஒன்று இருக்கிறது. அது தோன்றி சிதைந்து வந்த வடிவமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் மலை தாண்டிப் போய்ப் பார்த்தால் தோன்றி உயிரோடிருக்கிறது. தமிழின் ‘ன்ற’ மலையாளத்தில் ‘ன்ன’ ஆகும். கன்று அங்கே கன்னு; ‘எனக்குத் தோன்றியது’ என்பதற்கு அவர்கள் தோன்னி என்பார்கள். இந்தக் கொடிக்கு மலையாளப் பெயர் மேந்தோன்னி. முன்னால் நிற்கும் ‘மே’யை மேல் என்று எடுத்துக்கொண்டால், புதருக்கு மேலே தோன்றுவது.

அங்கிருந்துதான் அது கப்பலேறியது. டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பால் ஹெர்மன், பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்துத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று 1687இல் அதன் செடிப்பட்டியலை வெளியிட்டார். அதில் இந்தக் கொடி ‘மெத்தோனிகா மலபாரோரும்’, அதாவது மலபார்க்காரர்களின் மெத்தோனிகா. அதற்கு அடுத்த ஆண்டு வந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்’ ஏழாம் தொகுதியில் அதே கொடி ‘மெந்தோனி’ என்ற பெயரோடு படமாக இருக்கிறது. லத்தீன் சட்டை போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது தோன்றிதான். செடிகளுக்கு லத்தீன் பெயர்முறை வகுத்த லின்னேயஸுக்கு இப்படிப்பட்ட நாட்டுப்பெயர்கள் பிடிக்காது. அவர் ‘குளோரியோசா’ என்று மாற்றினார். 1753இல் அது ‘குளோரியோசா சூப்பர்பா’ என்று நிலைத்தது. புகழுக்குரியது, மிகச் சிறந்தது. வாழ்த்துமடல் வாசகம்போல இருக்கிறதே தவிர, செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சிலர் அதன்பிறகும் வெகுகாலம் மெத்தோனிகாவை விடாமல் எழுதினார்கள். பெயரிடும் விதிப்படி வென்றது குளோரியோசா. ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இதே கொடி உண்டு. ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுவே.

இந்தப் பெயர்களில் ஆபத்தானது, கிழங்கு என்று முடிகிறது. கிழங்கு என்றால் அவித்துத் தின்னலாம் என்று கை பழகிப்போயிருக்கிறது. வேறு கிழங்கென்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் இங்கும் உண்டு, இலங்கையிலும் உண்டு. காரணம் கோல்சிசின், செடியின் எல்லாப் பாகத்திலும் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். உயிரணு பிரிவதையே அது தடுத்துவிடும். அதே சரக்கு அளவோடு கொடுக்கப்பட்டால் கவுட் வாதத்துக்கு மருந்து. மூலனூர்க்காரர்கள் கம்பியில் கொடியேற்றி, காலையில் பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பது இந்த விதைக்காகத்தான். பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. பூச்சியை நம்பியிருந்தால் காய் குறைந்துவிடும்.

கோல்சிசின் என்ற பெயருக்கும் ஒரு ஊர் உண்டு. 1820இல் பாரிஸில் பெல்த்தியேவும் கவாந்துவும் அதை முதலில் பிரித்தெடுத்தது கோல்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து. அந்தச் செடியின் பெயர், கருங்கடல் கரையிலிருந்த கோல்கிஸ் நாட்டின் பெயர். கிரேக்கக் கதைகளில் நஞ்சு அறிந்த மெதேயா பிறந்த இடம். முன்பு லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த நம் கொடியை இப்போது கோல்சிகேசியே என்ற குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். தாராபுரத்து வியாபாரி அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. அவருக்கு அது கண்வலி விதை, கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு.