நெய்யில் தேடிய குற்றம்

டால்டா என்பது 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு வணிகப் பெயர். காலப்போக்கில் எந்த நிறுவனத்தின் வனஸ்பதியையும் நம் மக்கள் டால்டா என்றே அழைத்தனர். அவ்வளவு ஆழமாக அடுக்களையில் வேரூன்றிய அப்பொருளின்மீது ஐயம் எழாமல் இல்லை. ஆனால் எழுந்த ஐயம் வேறு.

ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1901இல் ஒரு வழியைக் கண்டார். நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது உறைந்து கெட்டிப்படும், எளிதில் சிக்கடிக்காது. அமெரிக்காவில் 1911இல் கிரிஸ்கோவாக விற்பனைக்கு வந்த இக்கொழுப்பு, இந்தியாவில் நெய்யின் வேடம் பூண்டது.

அந்த வேடமே இங்கு விவாதப் பொருளாயிற்று. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பதைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். விடுதலைக்குப் பின் நாடாளுமன்றத்தில் தடை கோரும் குரல்கள் எழுந்தன, தடை வரவில்லை. மாறாக, வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் என்று சட்டம் விதித்தது. காரணம் எளிது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் பட்டால் நல்லெண்ணெய் செந்நிறம் காட்டும். நெய் சிவந்தால் கலப்படம் அம்பலமாகும்.

நுட்பமான ஏற்பாடுதான். ஆயினும் அது காத்தது நெய் வாங்குவோரை மட்டுமே. நெய் வாங்க வசதியின்றி, வனஸ்பதி என்று அறிந்தே வாங்கிய எளிய குடும்பங்களுக்கு அந்தச் சோதனையால் என்ன பயன்?

எண்ணெயை அரைகுறையாகக் கெட்டிப்படுத்தும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது மனித உடலின் திசுக்களில் தங்குவதை 1957இல் அமெரிக்காவில் ஃபிரெட் கும்மரோவும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினர். தீய கொலஸ்ட்ராலை உயர்த்தி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அதன் இரட்டைக் கேட்டை 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்கும் கட்டானும் நிறுவினர். டென்மார்க் 2003இல் 2 விழுக்காடு என்று வரம்பிட்டது. இந்தியா அதே வரம்பை எட்டியது 2022இல்.

டால்டா வந்து அதற்குள் எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. போலியா, அசலா என்ற வினா நம் சமூகத்துக்கு மிகவும் பழக்கமானது. அதற்கு விடை தேடச் சட்டமும் சோதனைக் குழாயும் விரைந்து வந்தன. போலி என்று முத்திரை குத்தப்பட்ட பொருள் தன்னளவில் உடலை என்ன செய்கிறது என்ற வினாவோ நெடுங்காலம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள், நெய்க்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களே.